நீலமாக இருந்த எட்டு வருடம்

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

நான்கு தடவை போன் செய்தேன். ஐந்தாவது தடவை உங்கள் மகள் எடுத்து, "அப்பா வெளிய போயிருக்காரு மாமா" என்றாள். "நான் செத்துட்டேன்னு சொல்லு" என்று பின்னாலிருந்து நீங்கள் சொன்னதும் கேட்டது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானால் போடுங்கள். இந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழியுங்கள். சமாதானம் பேசுவதற்காக எழுதவில்லை.

பிரேதப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அந்த வார்த்தையைக் கேட்டாலே உங்களுக்கு ஆகாது என்று தெரியும். ஆனால் அதில் உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது.

உங்கள் தங்கை பிறவியிலேயே ஒரு பக்கம் வளராத இதயத்தோடு பிறந்தவள். அதனால்தான் போனாள் என்று எல்லோரும் நினைத்தோம். அது மட்டும் இல்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தது போல ஒரு சுரப்பி உண்டு, அட்ரீனல் என்று பெயர். அவளுக்கு இடது பக்கத்துச் சுரப்பியில் ஒரு கட்டி இருந்திருக்கிறது. மூன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர். நாம் பயந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வியர்க்கிறது அல்லவா, அந்தச் சுரப்பு அங்கிருந்துதான் வருகிறது. இந்தக் கட்டி அதே சுரப்பை, பயப்பட ஒன்றுமே இல்லாதபோதும், நினைத்த நேரத்தில் ரத்தத்தில் கொட்டிவிடும். அன்றைக்கு அப்படிக் கொட்டியதை அவளுடைய இதயம் தாங்கவில்லை.

பரிசோதனை செய்த டாக்டரம்மா சொன்னது இது: இந்தக் கட்டி வருகிறவர்களில் மூன்று பேரில் ஒருவருக்காவது பரம்பரையாக வருகிறது. கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் கொடுக்க வேண்டும், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் மேல் உள்ள கோபத்தை இதில் காட்டாதீர்கள்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை. என் வீட்டுக்காரி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

நீங்கள் சென்டிமீட்டர் கணக்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறவர், எதையாவது அளந்தால்தான் உங்களுக்கு நிம்மதி. நானும் ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் ரயிலில் உட்கார இடமில்லாமல் கதவுப் பக்கம் நின்றுகொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே ஒரு நினைப்பு, போனதும் என் தங்கச்சி, அந்தப் பொடிசின் நெற்றியில் கை வைக்க வேண்டும். வந்தால் துணியால் சுற்றி வைத்திருக்கிறீர்கள். விலக்கினேன். பதினேழு வயதில் நெஞ்சின் நடுவில் ஒரு தையல் போட்டார்கள், அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். நான்தான் மூன்று மாதம் மருந்து வைத்துக் கட்டினேன். அதன் மேலேயே கழுத்திலிருந்து வயிறு வரை இன்னொரு தையல். கோணி மூட்டை தைக்கிற தையல்.

ஏற்கெனவே கிழிந்தவளை எதற்கு மறுபடி கிழிக்கச் சொன்னீர்கள்? யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்? பத்து வயது வித்தியாசம். அப்பா போன பிறகு அவளை வளர்த்தது நான். நீங்கள் ஏழு வருடம் புருஷன். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

என் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. குதிரை மாதிரி இருக்கிறாள். ஊசியும் வேண்டாம், ஜாடியும் வேண்டாம். இனிமேல் எழுத வேண்டாம்.

இவன்,
அவளுடைய அண்ணன்


மார்ச் 2

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். கேள்வி கேட்டுவிட்டு எழுத வேண்டாம் என்றால் எப்படி?

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. காலையில் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எப்போதும் போலப் போனாள். பதினொன்று பத்துக்கு ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறாள். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி, திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாளாம். அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நல்ல மனிதர்தான். "பிறவி இதய நோய். இவங்களுக்கு எப்ப வேணும்னாலும் இப்படி நடக்கலாம். காரணம் எழுதித் தந்துடறேன், நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். ஏன் தெரியுமா? என் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. போன ஏப்ரலிலிருந்து அவளுக்கு வந்த படபடப்பை எல்லாம் அதில் குறித்து வைத்திருந்தேன். தேதி, நேரம், எத்தனை நிமிடம், நாடித்துடிப்பு எவ்வளவு. நாற்பத்தோரு தடவை. தலை வெடிக்கிற மாதிரி வலி, உடம்பெல்லாம் தண்ணீராக வியர்வை, முகம் வெள்ளைத் தாளாக வெளுத்துப்போகும். கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகி, "டீ போடட்டுமா?" என்பாள்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்து எது வந்தாலும் "இதயம்" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி மூடிவிடுவார்கள். ஜுரம் வந்தாலும் இதயம். தலைவலி வந்தாலும் இதயம். செத்த பிறகும் அதே வார்த்தைதானா என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வேறு ஏதாவது இருந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

உங்களைக் கேட்டிருக்கலாம். நீங்கள் வரும்வரை காத்திருந்திருக்கலாம். காத்திருந்தால் நீங்கள் கூடாது என்பீர்கள் என்று தெரிந்தேதான் காத்திருக்கவில்லை. இது தப்பு. தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் கையெழுத்துப் போடுவேன்.

மகளுக்குப் பரிசோதனை செய்யுங்கள். உங்கள் தங்கைகூட முதல் தடவை வரும்வரை நன்றாகத்தான் இருந்தாள்.

மாப்பிள்ளை


மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை என் பெண் படித்துவிட்டாள். பன்னிரண்டு வயது, பெரியவர்கள் எழுதுவதையெல்லாம் படிக்கிறாள். "அத்தைக்கு வந்தது எனக்கும் வருமா?" என்று நேராகக் கேட்டாள். அடுத்த நாளே மூன்று பேருமாகப் போனோம்.

ஒரு நாள் முழுக்க அந்தச் சிறுநீர் ஜாடியோடு அலைந்தேன். அன்றைக்குப் பார்த்து ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் மூன்று பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மோட்டார் அறையில் ஒரு பக்கம் கருவிப் பெட்டி, ஒரு பக்கம் ஜாடி. கூட வேலை செய்கிறவன் "என்ன அண்ணே, ஜூஸா?" என்று மூடியைத் திறக்கப் பார்த்தான். பொடிசு இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள்.

முடிவு வர ஆறு வாரமாம்.

உங்கள் நோட்டைப் பற்றி. நாற்பத்தோரு தடவை எழுதினீர்கள். மழை எவ்வளவு பெய்தது என்று குறிக்கிறவர் குடை எடுக்க மாட்டாரா? நாலாவது தடவையிலேயே ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாமா? பத்தாவது தடவையில்? இருபதாவது தடவையில்?

இதற்குப் பதில் எழுதுங்கள்.

மச்சான்


மார்ச் 24

மச்சானுக்கு,

பதில் எழுதச் சொன்னீர்கள். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஓடாமல் இல்லை. மூன்று டாக்டர்களிடம் போனோம். இதய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த இதயத்துக்கு இது பரவாயில்லையே" என்றார். இரண்டாவது டாக்டரிடம் போன அன்றைக்கு அவள் நகப்பூச்சை அழிக்க மறந்துவிட்டாள். உங்களுக்குத் தெரியுமே, ஆபரேஷனுக்குப் பிறகும் நகத்தில் மிச்சமிருந்த நீலத்தை வாடிக்கையாளர்கள் உற்றுப் பார்க்கிறார்கள் என்று கடைக்கு எப்போதும் அடர்த்தியான பூச்சுப் பூசிக்கொண்டுதான் போவாள். ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டும் கிளிப் அந்தப் பூச்சினால் சரியாகக் காட்டவில்லை. நர்ஸ் அழிக்கச் சொல்லி, பஞ்சு தேடி, அந்தக் கலாட்டாவிலேயே நேரம் போய்விட்டது. டாக்டர் இரண்டு நிமிடம்தான் பேசினார். மூன்றாவது டாக்டர் மனசுக்கு மாத்திரை எழுதினார். அவர் எழுதும்போது இவளுக்கு ஒன்றுமே இல்லை. படபடப்பு எந்த டாக்டர் முன்னாலும் வரவில்லை. பஸ்ஸில் வந்தது, குளிக்கும்போது வந்தது, ஒரு தடவை பல் தேய்க்கும்போது வந்தது.

இதுவரை எழுதியது எனக்குச் சாதகமானது. இனிமேல் எழுதுவது அப்படி இல்லை.

மனசுக்கு மாத்திரை எழுதியதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதயம் இல்லையே என்று நிம்மதி. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை வந்தபோதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான், மூச்சை இழுத்து விடு" என்று சொல்வேன். சொல்லிக்கொண்டே மறு கையால் நாடியை எண்ணுவேன். ஒரு நாள் அவள் என்னைப் பார்த்து, "மனசுன்னா நான் எதுக்காவது பயந்திருக்கணும்ல? நான் எதையும் நினைக்கவே இல்லீங்க. உடம்புதான் முதல்ல பயப்படுது, அப்புறம்தான் நான் பயப்படறேன்" என்றாள். அவள் சொன்னது அப்படியே இதுதான். டாக்டரம்மாவிடம் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைவிடச் சரியா என்னாலகூடச் சொல்ல முடியாது" என்றார்.

டிசம்பரில் அவளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கேட்டாள். ஜனவரி கடைசியில் எங்கள் நிலையத்துக்கு வருடாந்திர ஆய்வு. அது முடியட்டும் என்றேன். ஆய்வு 28ஆம் தேதி நடந்தது. எல்லாக் கருவியும் சரியாக இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 29

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முடிவு வந்துவிட்டது. எனக்கும் இல்லை, என் பெண்ணுக்கும் இல்லை. ரத்தமும் சுத்தம், மற்றதும் சுத்தம். என் வீட்டுக்காரி அந்தத் தாளை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் விடாமல் எழுதியதால்தான் போனேன். அதற்காக நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது எனக்கு மட்டும் ஒரு கேள்வி. பரம்பரை இல்லை என்றால் அவளுக்கு மட்டும் எப்படி வந்தது? இதயத்தில் ஒரு கோளாறு, வயிற்றில் ஒரு கட்டி. ஒரே ஆளுக்கு இரண்டு எதற்கு? ஒன்று போதாதா? டாக்டரம்மாவைக் கேட்டு எழுதுங்கள்.

மே மாதம் பள்ளி விடுமுறை. என் பெண், அந்த வாயாடி, உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நான் தடுக்கவில்லை.

மச்சான்


மே 8

மச்சானுக்கு,

உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று படித்ததும் நிலையத்திலேயே கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மாவைக் கேட்டேன். அவளுடைய கட்டியில் ஒரு துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்கள். அதிலும் தேடிப் பார்த்ததில் பரம்பரைக் கோளாறு எதுவும் அகப்படவில்லையாம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கரு உண்டாகி ஒரு மாதம்கூட நிறையாதபோது, அதன் முதுகுப் பக்கமிருந்து ஒரு கூட்டம் செல்கள் புறப்பட்டுப் போகின்றன. சில இதயத்துக்குப் போய் அங்கே பெரிய ரத்தக் குழாய்களைப் பிரிக்கும் வேலையில் சேருகின்றன. சில கீழே இறங்கிப் போய் அட்ரீனல் சுரப்பியின் உள்பகுதியாக மாறுகின்றன. ஒரே வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பிய அண்ணன் தம்பிகள் மாதிரி. கிளம்பும்போதே ஏதாவது பிசகியிருந்தால் இரண்டு இடத்திலும் கோளாறு வர வாய்ப்பு உண்டு என்று சிலர் சந்தேகிக்கிறார்கள்.

ஆகவே இது அம்மா வயிற்றிலேயே நடந்த விஷயம். யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இத்தோடு விட்டுவிடலாம்.

மகளை அனுப்புங்கள். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை


மே 25

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் பாதிதான் எழுதினீர்கள். மீதியை நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்டுகள் எங்கள் கம்பெனி பராமரிப்பில்தான் இருக்கின்றன. போன வாரம் கயிறு மாற்றிவிட்டுச் சோதனை ஓட்டம் ஓட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் இதயப் பிரிவு டாக்டர் ஒருவர் ஏறினார். "ஒரு சந்தேகம் சார்" என்று ஆரம்பித்தேன். தங்கச்சி இதயம் இப்படி, கட்டி இப்படி, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று. அவர் நின்று பொறுமையாகச் சொன்னார். "கருவுலயே சம்பந்தம் இருக்கலாம். இன்னொண்ணும் சொல்றாங்க. ஆக்சிஜன் குறைஞ்சு ரொம்ப வருஷம் நீலமாவே இருந்தவங்களுக்கு இந்தக் கட்டி மத்தவங்களைவிட அதிகமா வருது. உடம்புல காத்து பத்தலைன்னா அந்தச் சுரப்பி ஓய்வே இல்லாம வேலை செய்யும். அப்படியே செஞ்சு செஞ்சு ஒரு நாள் கட்டுமீறிடும்." சொல்லிவிட்டு, "உங்க தங்கச்சிக்கு எந்த வயசுல ஆபரேஷன் நடந்துச்சு?" என்று கேட்டார். "பதினேழு" என்றேன். "ஏன் அவ்வளவு லேட்டு?" என்றார். ஐந்தாவது மாடி வந்து கதவு திறந்துவிட்டது. அவர் வெளியே இறங்கிப் பதிலுக்காக நின்றார். நான் பொத்தானை அமுக்கிக் கதவை மூடிவிட்டேன். அவரை வெளியே விட்டுவிட்டு நான் மட்டும் மேலே போனேன்.

ஏன் லேட்டு என்று உங்களுக்குத் தெரியுமா? அவள் சொல்லியிருப்பாள். சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்கிறேன்.

அவளுக்கு ஒன்பது வயது. எனக்குப் பத்தொன்பது. அப்பா போய் ஒரு வருடம். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். குழந்தைகள் வார்டில் எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், இவளோடு சீட்டு விளையாடுவான், எப்போதும் ஏமாற்றுவான். முந்தின நாள் அவனைக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் வந்து கட்டில் விரிப்பை மாற்றினார்கள். அவன் வரவில்லை. அவனுடைய சீட்டுக்கட்டு இவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

மறுநாள் காலையில் கையெழுத்துத் தாளைக் கொண்டுவந்தார்கள். அம்மா "நீயே பாத்துப் போடுடா, எனக்குக் கை ஓடல" என்று சொல்லிவிட்டாள். நான் பேனாவைத் திறந்தேன். அந்தப் புது விரிப்பைப் பார்த்தேன். பேனாவை மூடினேன். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்கி, வாசலைத் தாண்டி, பஸ் ஏறிவிட்டேன். நர்ஸ் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பிறகு எட்டு வருடம். உதடு நீலம், நகம் நீலம். பத்தடி நடந்தால் குந்தி உட்காருவாள். கடைசியில் அவளேதான், பதினேழு வயதில், "எனக்கு வேணும் அண்ணா, செத்தாலும் பரவாயில்ல" என்று சண்டை போட்டு ஆபரேஷன் செய்துகொண்டாள்.

அந்த எட்டு வருடத்தில்தான் அந்தக் கட்டிக்கு விதை விழுந்திருக்கிறது. போட்டது நான். உங்களைப் போய் ஏன் குடை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

மகளை இப்போது அனுப்ப முடியாது. எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

அண்ணன்


ஜூன் 3

மச்சானுக்கு,

மறைத்தது உண்மை. டாக்டரம்மா இரண்டையும் சொன்னார். நான் ஒன்றை மட்டும் எழுதினேன். முதலில் இரண்டையும்தான் எழுதினேன். சொல்லப்போனால் இரண்டாவதைத்தான் பெரிதாக எழுதினேன். உங்கள் முதல் கடிதத்தில் இருந்த "கோணி மூட்டை" என்ற வார்த்தைக்குப் பதிலடி கொடுக்க ஒரு வழி கிடைத்தது என்று என் கை தானாக ஓடியது. ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் எடுத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். நான் அவ்வளவு நல்லவன் இல்லை என்று உங்களுக்குத் தெரியத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன், மன்னியுங்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கருவுல ஆரம்பிச்சதா, நீலமா இருந்த வருஷங்கள்ல ஆரம்பிச்சதா, இல்ல ரெண்டும் சேர்ந்தான்னு ஒரு உடம்பை வெச்சு யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாதுங்கறதுதான் என் பதில். ஒன்பது வயசுல செஞ்சிருந்தா கட்டி வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது, ஒன்பது வயசுல செஞ்சிருந்தா பொழைச்சிருப்பாங்கன்னும் சொல்ல முடியாது." நான் விடாமல், "எது அதிகம் வாய்ப்பு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

அந்தக் காலையைப் பற்றி அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். உங்களுக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. நீங்கள் தூக்கும்போது அவள் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போண்ணா" என்று உங்கள் காதில் சொன்னாளாம். "நான்தான் கேட்டேன், அண்ணன் நான் கேட்டதுக்காகத்தான் தூக்கிட்டு வந்தான்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்தப் பதற்றத்தில் நீங்கள் மறந்திருப்பீர்கள். முடிவு அவளுடையது. நீங்கள் அவள் சொன்னதைச் செய்தீர்கள்.

இன்னொரு விஷயம். மெழுகில் இருக்கும் அந்தத் துணுக்கையும் என் நோட்டையும் ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பிறவி இதயக் கோளாறும் இந்தக் கட்டியும் சேர்ந்து வந்தவர்கள் மிகவும் குறைவு, ஒவ்வொன்றும் உதவும் என்கிறார்கள். இப்படிப் படபடப்பு வரும் அடுத்த ஆளை "எல்லாம் இதயம்தான்" என்று திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். சட்டப்படி என் கையெழுத்து போதும். இந்தத் தடவை போடவில்லை. நீங்கள் சரி என்றால்தான் போடுவேன்.

மாப்பிள்ளை


ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

ஆராய்ச்சிக்குக் கொடுங்கள். நீங்கள் கேட்டதால் சொல்லவில்லை. கேட்டிருக்காவிட்டாலும் இப்போது சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டது நன்றாக இருந்தது.

மகளை இருபத்தோராம் தேதி அனுப்புகிறேன். இல்லை, நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். எனக்கு அந்த டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். ஒன்றும் கேட்கப் போவதில்லை. கடைசியாக அவள் உடம்பைத் தொட்டுப் பார்த்த டாக்டர் அவர்தான், சும்மா ஒரு தடவை பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கண்ணாடிக் கடைக்கும் போக வேண்டும். அவளுக்கு மாற்றுச் சட்டை, செருப்பு, ஏதாவது அங்கே இருந்தால் என் வீட்டுக்காரி வாங்கி வரச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தில் அவள் என் காதில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? இரண்டு நாள் அதை நம்பினேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் "கூட்டிட்டுப் போண்ணா" என்று அவள் சொல்கிற மாதிரியே நினைத்துக்கொண்டேன். குரல்கூடக் கேட்டது. மூன்றாம் நாள் முடியவில்லை.

அவள் சொல்லியிருக்க முடியாது. ஆபரேஷனுக்காகக் காலையிலேயே தூக்க மருந்து கொடுத்திருந்தார்கள். நான் தூக்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்க, தலை என் தோளில் தொங்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இதைப் போன கடிதத்தில் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

எனக்காக உட்கார்ந்து யோசித்து ஒரு பொய் எழுதியிருக்கிறீர்கள். பொய்யே எழுதத் தெரியாதவர். அதற்காக நான் உங்களை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கண் விழித்தாள். என் மடியில் இருந்தாள். வெளியே பார்த்துவிட்டு, "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாண்ணா?" என்று கேட்டாள். "முடிஞ்சிடுச்சுடா" என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நடுவில். தையல் இல்லை. கையை வெளியே எடுத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இருபத்தைந்து வருடம், அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்கு என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஏழு வருடத்தில் உங்களிடம் ஏதாவது உண்மையாகவே சொல்லியிருப்பாள். நான் வரும்போது அதைச் சொல்லுங்கள். எப்படிப்பட்டதாக இருந்தாலும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மச்சான்